தேனுவுக்கு, செங்கல் சுவர்ப் படங்களுடன்

இராயபுரம்,
கத்திரி வெயில்

அன்புள்ள தேனு,

நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. அந்தோணிக்கு மறுபடியும் இரவு ஷிப்ட். உன் மாமியாரின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்று கேத்தரின் அக்கா சொன்னார். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு. குடும்பச் செய்தி இவ்வளவுதான்.

லென்ஸ் வாங்கிவிட்டேன். நாம் கல்லூரி நாளிலிருந்து பேசிக்கொண்டே இருந்த அதே 70-200 மில்லிமீட்டர் ஜூம், துவாரம் எஃப் 2.8 வரை அகலத் திறப்பது. சீட்டுப் பணம் முழுவதும் போய்விட்டது. விலை இரண்டு லட்சத்தைத் தாண்டியதால் அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. நகையாக எடுத்திருக்கலாமே என்றார். நகையை உரசிப் பார்த்துத்தானே வாங்குவீர்கள், இதையும் உரசித்தான் பார்க்கப்போகிறேன் என்றேன்.

அப்படி உரசியதில் முதலில் வந்த லென்ஸ் தேறவில்லை. கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது என் மேசையில் இருப்பது மாற்றாக வந்தது. உனக்கு அவசரமாக எழுதுவதும் இதைப் பற்றித்தான்.

முதல் லென்ஸை வாங்கும்போதே பெட்டி, லென்ஸ், ரசீது மூன்றிலும் வரிசை எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே சரிபார்த்தேன். பின்பக்கத் திருகுகளில் கீறல் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு தூசித் துகள் தெரிந்தது. தூசியால் படத்துக்கு ஒன்றும் ஆகாது, அதை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் உண்மையான வேலை தொடங்கியது. எங்கள் மாடிக்கு எதிரே பூச்சுப் பூசாத அந்தச் செங்கல் சுவர் நினைவிருக்கிறதா? உன் துப்பட்டா பறந்துபோய் மாட்டிக்கொண்ட அதே சுவர். காலை வெயில் ஏறுவதற்கு முன்பே ஸ்டாண்டைப் போட்டேன். சுவருக்கு நேர் எதிரே கேமரா நிற்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் சோதனை பொய்யாகிவிடும். சுவரில் ஒரு சிறு கண்ணாடியைத் தட்டையாக ஒட்டிவிட்டு, அதில் என் லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நடுவில் விழும்வரை நகர்த்திக்கொண்டே இருந்தேன். பில்டரைக் கழற்றினேன், கைநடுக்கத்தைத் தடுக்கும் வசதியை அணைத்தேன், ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 100இல் வைத்தேன். விரல் பட்டு அசையாமலிருக்க டைமர். நடுவில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்தேன்.

70 மில்லிமீட்டரில் நன்றாக இருந்தது. 200இல் நடுப்பகுதி அருமை, இடது ஓரமும் தேவலாம். வலது ஓரத்தில் மட்டும் செங்கல்லின் விளிம்பு கரைந்துபோயிருந்தது. இரண்டு ஓரமும் ஒரே அளவு மங்கினால் அது அந்த வடிவமைப்பின் இயல்பு என்று ஏற்றுக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே இருக்கும் ஏறக்குறைய இருபது கண்ணாடிகளில் ஏதோ ஒன்று மையம் விலகியிருக்கிறது அல்லது சாய்ந்திருக்கிறது என்று பொருள். ஆலையில் நேர்ந்திருக்கலாம், வழியில் யாராவது பெட்டியைக் கீழே போட்டிருக்கலாம். ஸ்டாண்டு வளையத்தைத் தளர்த்தி கேமராவைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி எடுத்தேன். அதே செங்கற்கள் மங்கியிருந்தால் கேமரா சுவருக்கு நேராக நிற்கவில்லை என்று சொல்லலாம். மங்கலோ படத்தின் வலது ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு, முன்பு பளிச்சென்று இருந்த செங்கற்களைக் கெடுத்திருந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

கடையில் என்ன செய்தார்கள் தெரியுமா? துவாரத்தை எஃப் 8க்குச் சுருக்கி ஒரு படம் எடுத்துக் காட்டி, ஓரம் வரை தெளிவாக இருக்கிறதே அம்மா என்றார்கள். துவாரத்தைச் சுருக்கினால் இந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடும், அது அவர்களுக்கும் தெரியும். எஃப் 8 போதுமென்றால் இதில் கால்வாசி விலைக்கு வேறொன்று வாங்கியிருப்பேன், நான் பணம் கொடுத்தது 2.8க்கு என்றேன். குரலை உயர்த்தவில்லை. படங்களை வரிசையாக அவர்கள் கணினியிலேயே திறந்து வைத்துவிட்டு நகராமல் நின்றேன். கடைசியில் முதலாளியே வந்து பார்த்தார், மாற்றித் தருகிறோம் என்றார்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று நீ கேட்பாய். நம் கேரம் மன்றத்துத் துரை மாஸ்டரும் கேட்டார். நம் பக்கத்துக் காசிமா 2024இல் அமெரிக்காவில் உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்றாரே, அதன்பிறகு எங்கள் தெரு மன்றத்துக்குப் பெண் பிள்ளைகள் மாலைதோறும் வருகிறார்கள். பலகைக்கு மேலே தொங்கும் ஒரு விளக்கைத் தவிர அந்த அறையில் வேறு வெளிச்சம் கிடையாது. என் பழைய லென்ஸ் அந்த நீளத்தில் 5.6க்கு மேல் திறக்காது. 2.8 அதைவிட நான்கு மடங்கு வெளிச்சம் தரும். அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பார், சுவரில் இருப்பதெல்லாம் மேடையில் வரிசையாக நின்று கோப்பை வாங்கும் படங்கள். மகள் விளையாடும்போது அவள் முகம் எப்படி மாறுகிறது என்று காசிமேட்டில் மீன் விற்கும் தாய் பார்த்ததே இல்லை. அந்த முகத்தைச் சட்டத்தின் நடுவில் வைக்க மாட்டேன், ஓரத்தில்தான் வைப்பேன், என் கை உனக்குத் தெரியும். வலது ஓரம் மங்கிய லென்ஸை நம்பி நான் எப்படிப் போவேன்?

மாற்று லென்ஸோடு மன்றத்துக்கும் போய்வந்தேன். தேனு, நீ பார்க்க வேண்டும்! மூன்று மீட்டர் தள்ளி நின்று 200இல் 2.8 வைத்தால் தெளிவாக நிற்கும் ஆழம் நான்கு சென்டிமீட்டர் அளவுதான். கண்ணைப் பிடித்தால் விரல் போய்விடுகிறது, ஸ்டிரைக்கரின் மேல் நிற்கும் விரலைப் பிடித்தால் கண் கரைந்துவிடுகிறது. இரண்டில் எது வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்தாக வேண்டும். நான் கண்ணைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். அடிக்கும் முன் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அந்த நொடி கண்ணில்தான் தெரிகிறது. துரை மாஸ்டருக்கு விரல்தான் வேண்டுமாம். பயிற்சியாளர் அல்லவா.

சில படங்களில் கறுப்புப் பட்டை விழுந்தது, நிறமும் மாறி மாறி வந்தது. மாஸ்டர் உடனே இதுவும் பழுது என்று சொல்லிவிட்டார். அது விளக்கின் வேலை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கிறது. ஷட்டரை 1/100 நொடிக்கு இறக்கியதும் பட்டை மறைந்தது. ஆனால் அந்த வேகத்தில் ஸ்டிரைக்கர் வெறும் கோடாகத்தான் விழுகிறது. மன்றத்துக்குத் துடிக்காத விளக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாமென்று இருக்கிறேன். பாதிச் செலவு உன்னுடையது, மறுக்காதே.

பாதுகாப்பைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு நடுவே 50 எம்எம் லென்ஸை வைத்துப் பூஞ்சை வளர்த்தவள் நீ. இங்கே கடற்காற்று சும்மா விடாது. காற்றுப் புகாத பெட்டி, ஈரப்பதமானி, சிலிக்கா ஜெல் எல்லாம் வாங்கி, ஈரப்பதத்தை 40க்கும் 50க்கும் இடையில் வைத்திருக்கிறேன்.

இனி என் கவலை. மாற்று லென்ஸ் 70இலும் 200இலும் குறையில்லாமல் இருக்கிறது. 135இல் மட்டும் இடது கீழ் மூலை ஒரு நேரம் சரியாகத் தெரிகிறது, ஒரு நேரம் மென்மையாகத் தெரிகிறது. இரவில் தூரத்தில் ஒரு சிறு எல்இடியை வைத்து, ஃபோகஸை விலக்கி, அந்த ஒளிவட்டத்தை நான்கு மூலைகளுக்கும் கொண்டுபோய்ப் பார்த்தேன். எதிரெதிர் மூலைகளில் வட்டம் ஒரே மாதிரி நசுங்கினால் நல்லது. எனக்கு அப்படித்தான் தெரிகிறது. ஆனால் ஒரு முறை குறையைப் பார்த்த கண் எங்கும் குறையைத் தேடுகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது. அந்தோணியைக் கேட்டால் எல்லாமே அழகு என்கிறார்.

அதனால் கேமரா திருத்தாமல் பதிவு செய்த ரா கோப்புகளைப் பென் டிரைவில் போட்டு இதனுடன் கூரியரில் அனுப்புகிறேன். எது எந்த நீளம் என்று எழுதவில்லை, வேண்டுமென்றேதான். நீ முதலில் பார்த்துவிட்டு எந்த மூலை உறுத்துகிறது என்று சொல். மென்பொருளில் லென்ஸ் திருத்தத்தை அணைத்துவிட்டுப் பார், கூர்மையையும் கூட்டாதே. உன் மருமகன் கணினி வேண்டாம், உன் பழைய திரையிலேயே பார். மாற்றிக்கொள்ள வெள்ளிக்கிழமை வரைதான் அவகாசம், எனவே கிடைத்த அன்றே எனக்குப் போன் செய். மாலை ஆறு மணிக்குமேல் என்றால் மன்றத்தில் இருப்பேன், விடாமல் அடி.

அன்புடன்,
ஸ்டெல்லா