டாமினோ இருக்கும் தொட்டிக்கு ஃபயர்ஃபிஷ் விற்றது தொடர்பான புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
திருப்பாலை, மதுரை.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: மீன்களின் சண்டைக் குணத்தைச் சொல்லாமல் விற்றதும், சண்டை வந்தபோது தவறான ஆலோசனை தந்ததும்.

ஐயா,

வணக்கம். என் கடல் மீன் தொட்டிக்கு உப்பிலிருந்து மீன் வரைக்கும் எல்லாமே உங்கள் இணையக் கடையில்தான் வாங்கி வருகிறேன். கடைசியாக வாங்கிய ஃபயர்ஃபிஷ், ஏற்கெனவே தொட்டியில் இருந்த டாமினோ டாம்செல் என்ற மீன் அடித்து அடித்தே செத்துப்போனது. அந்த டாமினோவும் உங்களிடம் வாங்கியதுதான். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மீன் உயிரோடு வந்து சேரும் என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம், அதற்குப் பிறகு நடப்பது உங்கள் பொறுப்பில்லை என்று பதில் எழுதி, என் கோரிக்கையை முடித்துவிட்டீர்கள்.

அந்த உத்தரவாதத்தில் எனக்குக் குறையே இல்லை. சென்னையில் ராத்திரி ஆம்னி பஸ்ஸில் ஏற்றிவிட்ட பெட்டியை விடிகாலையில் மாட்டுத்தாவணியில் போய் எடுத்தேன். தெர்மாகோல் பெட்டி, இரட்டைப் பை, ஆக்சிஜன் நிரப்பி மீனுக்கு ஒரு பை என்று அருமையாகக் கட்டியிருந்தார்கள். எல்லா மீனும் நல்ல நிறத்தோடு வந்து சேர்ந்தன. பேக்கிங் செய்தவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். என் புகார் வேறு. எந்த மீனோடு எது சேரும், எதை முதலில் விட வேண்டும், எதைக் கடைசியில் விட வேண்டும் என்பதெல்லாம் இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விற்றீர்கள். கேட்டபோதும் சொல்லவில்லை.

முதலில், புதுத் தொட்டிக்கென்று நீங்கள் சேர்த்து விற்கும் ஸ்டார்ட்டர் செட். என்னுடையது மூன்றடித் தொட்டி. அதற்கு உங்கள் தளம் பரிந்துரைத்த செட்டில் ஒரு டாமினோ, ஒரு த்ரீ ஸ்ட்ரைப் டாம்செல், ஒரு ப்ளூ டாம்செல் இருந்தன. 'புதிய தொட்டிக்கு ஏற்றவை, எளிதில் சாகாது, மற்ற மீன்களோடு நன்றாகச் சேரும்' என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். எளிதில் சாகாது என்பது உண்மை. புதுத் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா நிலைகொள்ளும் வரை, மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறும். டாம்செல் அதையும் தாங்கிக்கொள்ளும். ஆனால் மற்ற மீன்களோடு சேரும் என்பது பொய். டாம்செல் இனத்தில் டாமினோவும் த்ரீ ஸ்ட்ரைப்பும் முரட்டுக் குணத்துக்குப் பேர்போனவை. நீங்கள் அனுப்பும்போது டாமினோ கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். கறுகறுவென்ற உடம்பில் நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, முதுகின் இரு பக்கமும் ஒவ்வொரு பொட்டு. பார்த்தவுடன் யாருக்கும் பிடித்துப்போகும். அது 14 செ.மீ. வரை வளரும் என்பதையும், வளர வளரத் தொட்டி முழுவதையும் தன் இடமாக்கிக்கொள்ளும் என்பதையும் அந்தப் பக்கத்தில் எங்கே எழுதியிருக்கிறீர்கள்?

இந்த மீனை நான் குறை சொல்லவில்லை. கடலில் குஞ்சாக இருக்கும்போது கடல் சாமந்தியிலோ கடல் முள்ளெலியின் முட்களுக்கு நடுவிலோ ஒண்டி வளரும் மீன் அது. ஒண்டிய இடத்தை விட்டுக்கொடுத்தால் பெரிய மீனுக்கு இரையாகிவிடும். அதனால் இடத்தைக் காக்கச் சண்டை போடுவது அதன் இயல்பு. கடலில் துரத்தப்பட்ட மீன் அடுத்த பாறைக்கு ஓடிவிடும், சண்டை அதோடு முடிந்துவிடும். மூன்றடிக் கண்ணாடிக்குள் அது எங்கே ஓடும்?

அதனால்தான் கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் சாதுவான மீனை முதலில் விட்டு, சண்டைக்கார மீனைக் கடைசியில் விடுவார்கள். முதலில் ஃபயர்ஃபிஷ், கோபி போன்றவை வந்து இடம் பிடித்துக்கொள்ளட்டும், அப்புறம் க்ளவுன் மீன், டாம்செல் வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் பின்னால். உங்கள் ஸ்டார்ட்டர் செட் இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்குகிறது. தொட்டியைத் தயார்செய்ய மீனே தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதற்கான பாக்டீரியா பாட்டிலை நீங்களே விற்கிறீர்கள். அதை வாங்கச் சொல்லியிருந்தால் டாம்செல்லே என் வீட்டுக்கு வந்திருக்காது.

அடுத்து ஒரு ஜோடி க்ளவுனும் ஒரு ஃபயர்ஃபிஷும் வாங்கியது. ஆர்டர் போடும் முன் உங்கள் வாட்ஸ்அப் எண்ணில் தொட்டியின் அளவு, உள்ளே இருக்கும் மீன்கள், டாமினோ எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் படத்தோடு அனுப்பிக் கேட்டேன். 'தாராளமா சேர்க்கலாம் சார், பிரச்சினை வராது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வரியை நம்பித்தான் பணம் கட்டினேன்.

பெட்டியோடு நீங்கள் அனுப்பிய துண்டுத்தாளில் பையை மிதக்கவிடு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர், மீனை விடு என்று இருந்தது. அதன்படியே செய்தேன். உள்ளே இருக்கும் மீனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள், பழைய மீன்களுக்கு முதலில் வயிறாரத் தீனி போடுங்கள், பாறைகளை இடம் மாற்றி அடுக்குங்கள் என்று மூன்று வரி சேர்த்து அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

ஃபயர்ஃபிஷை விட்டதும் நடந்ததை எழுதுகிறேன், உங்கள் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பாதி வெள்ளை, பின்பாதி நெருப்புச் சிவப்பு, முதுகில் கொடிபோல ஒரு நீளமான முள். புது இடத்தில் பயந்தால் அந்த முள்ளை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். டாமினோ பாறை இடுக்கிலிருந்து செட்டைகளை விரித்துக்கொண்டு வெளியே வந்தது. கண்ணாடி அருகே காதை வைத்தால் கேட்கும் அளவுக்கு 'டக், டக்' என்று சத்தம் எழுப்பியது. டாம்செல்கள் மிரட்டும்போது அப்படித்தான் சத்தம் எழுப்பும். பிறகு ஒரே பாய்ச்சல். ஃபயர்ஃபிஷ் ஹீட்டருக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது. தீனி போட்டால் தலையை நீட்டும், டாமினோ வந்துவிடும், உள்ளே போய்விடும். அடுத்த நாள் வாலில் பாதி இல்லை. க்ளவுன் இரண்டும் மேல்மூலையில், பம்ப்பின் நீரோட்டத்தில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. கீழே இறங்கவே இல்லை.

இதை வீடியோ எடுத்து அனுப்பினேன். 'ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும்' என்றார்கள். புது மீன் வந்தால் முதலில் கொஞ்சம் துரத்தல் இருக்கும், அது தானாக அடங்கவும் செய்யும், உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சு, புது மீன் தீனி எடுத்து, செட்டை கிழியாமல் இருக்கும் வரைக்கும்தான் பொருந்தும். வால் கிழிந்து, தீனி எடுக்காமல், மூலையிலேயே கிடக்கும் மீனுக்குக் காத்திருக்க நேரம் கிடையாது. வீடியோவைத் திறந்து பார்த்திருந்தாலே இது புரிந்திருக்கும்.

மறுபடி கேட்டபோது வந்த பதில்தான் என்னால் தாங்கமுடியாதது. 'இன்னும் ரெண்டு டாம்செல் வாங்கி விடுங்க சார், அடி பிரிஞ்சு போயிடும்' என்று சொல்லி, அதற்கு லிங்க்கும் அனுப்பினார்கள். ஒரு மீன் செத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைக் கொல்லும் இனத்திலேயே இன்னும் இரண்டை விற்கப் பார்த்தார்கள். ஃபயர்ஃபிஷ் அதற்குப் பிறகு நீடிக்கவில்லை.

செத்த பிறகு உங்கள் தரப்பில் சொன்ன காரணம் மதுரை போர்வெல் தண்ணீர். போர்வெல் தண்ணீரை நான் தொட்டியில் ஊற்றுவதே இல்லை, ஆர்.ஓ. தண்ணீரில் உங்கள் உப்பைத்தான் கலக்கிறேன். அன்றைக்கு உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். டெஸ்ட் கிட் படங்களை இணைத்திருக்கிறேன். கிழிந்த வாலுக்குத் தண்ணீர் எப்படிக் காரணமாகும்?

க்ளவுன்கள் பிழைத்ததற்குக் காரணம், மதுரையில் பல வருடமாகக் கடல் தொட்டி வைத்திருக்கும் ஒரு அண்ணன். போனில் கேட்டவுடன் அவர் சொன்னது: "அடிபடுறதப் பிடிச்சு வெளிய போடாத தம்பி, அடிக்கிறதப் பிடி." ஓட்டை போட்ட அக்ரிலிக் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். பாறைகளை எடுத்து வைத்துவிட்டு டாமினோவைப் பிடித்து, அந்தப் பெட்டிக்குள் விட்டு, தொட்டியின் உள்பக்கத்திலேயே மாட்டினோம். பிறகு பாறைகளைப் புது மாதிரியாக அடுக்கினோம். பழைய இடுக்கு, பழைய எல்லை எதுவும் இல்லாமல் போய்விட்டால் டாமினோவுக்கும் அது புது இடம்தான். அன்று சாயங்காலமே க்ளவுன்கள் கீழே இறங்கித் தீனி எடுத்தன. ஒரு வாரம்போல் கழித்து, விளக்கை அணைத்துவிட்டு டாமினோவைத் திறந்துவிட்டோம். வெளிக்கண்ணாடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியையும் ஒட்டச் சொன்னார். தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து டாமினோ அதோடு மல்லுக்கு நிற்கும், அந்த நேரம் மற்றவை நிம்மதியாக இருக்கும். இப்போது க்ளவுன்களுக்குத் தொட்டியின் வலது பாதி சொந்தம். டாமினோ அவ்வப்போது செட்டையை விரித்துக்கொண்டு வருகிறது, ஆனால் கடிப்பதில்லை. த்ரீ ஸ்ட்ரைப்பும் ப்ளூவும் இதுவரை தொந்தரவு செய்யவில்லை.

அதே அக்ரிலிக் பெட்டியை நீங்களும் விற்கிறீர்கள். புது மீனைச் சில நாள் அதற்குள் வைத்து, பழைய மீன் பார்த்துப் பழகியபின் திறந்துவிடலாம். அதுதான் அந்தப் பெட்டியின் முக்கியமான பயனே. நான் மீன் வாங்கும்போதோ, வீடியோ அனுப்பியபோதோ உங்கள் ஆட்களில் ஒருவர்கூட அதன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெட்டியும் விற்றிருக்கும், மீனும் பிழைத்திருக்கும்.

ஃபயர்ஃபிஷ் பெரும்பாலும் கடலில் பிடித்து வருவது. க்ளவுனையாவது பண்ணையில் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். நம் மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் அந்த வேலை பல வருடமாக நடக்கிறது. கடலிலிருந்து எடுத்து, கை மாறி மாறி, வெகுதூரம் தாண்டி வரும் ஒரு மீனை, அது பிழைக்கவே முடியாத தொட்டிக்கு அனுப்புவது பெரிய பாவம். விலையை விட எனக்கு இதுதான் மனதை அறுக்கிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சேவைக் குறைபாடு என்பதற்குத் தரும் விளக்கத்தில், நுகர்வோருக்குத் தெரியவேண்டிய தகவலைத் தெரிந்தே மறைப்பதும் அடங்கும். மின்வணிக விதிகள், 2020-இன்படி என் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் நான் சென்னைக்கு வரவேண்டியதில்லை. குடியிருக்கும் ஊரிலேயே, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். அதுவரை போக எனக்கு விருப்பமில்லை. ஆனால் தேவைப்பட்டால் போவேன்.

ஃபயர்ஃபிஷின் விலையைத் திருப்பித் தாருங்கள். டாமினோவை உங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அது இனியும் வளரும், இந்தத் தொட்டி அதற்குப் போதாது. தொட்டியில் இருந்த மீனை ராமேஸ்வரம் பக்கம் கொண்டுபோய்க் கடலில் விட்டால், அதிலிருக்கும் நோய் அங்கே பரவக்கூடும், அதனால் அதையும் செய்யமாட்டேன். அந்த ஸ்டார்ட்டர் செட் பக்கத்திலிருந்து 'மற்ற மீன்களோடு நன்றாகச் சேரும்' என்ற வரியை உடனே எடுங்கள். மதுரையிலும் திண்டுக்கல்லிலும் விருதுநகரிலும் இப்போது நிறையப் பேர் புதிதாகக் கடல் தொட்டி வைக்கிறார்கள். அருகில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாததால் உங்கள் தளத்தில் படிப்பதையே அவர்கள் நம்புகிறார்கள். ஒவ்வொரு மீனின் பக்கத்திலும் அது எவ்வளவு வளரும், எதை அடிக்கும், எத்தனையாவதாக விடவேண்டும் என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் பதில் சொல்பவர் கடல் மீன் வளர்த்துப் பழகியவராக இருக்கட்டும்.

பதிலைத் தொலைபேசியில் சொல்லாமல் மின்னஞ்சலில் எழுத்தாக அனுப்புங்கள். டாமினோவை எந்தத் தேதியில் எடுத்துக்கொள்வீர்கள் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். மாட்டுத்தாவணியில் பெட்டியை ஏற்றிவிடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருப்பாலை, மதுரை.

இணைப்பு: இரண்டு ஆர்டர்களின் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வீடியோ, டெஸ்ட் கிட் படங்கள்.