மகள்களைக் கேட்டு வாங்கிய வாத்தியார்

உடுவில்

அன்புள்ள பிள்ளைக்கு,

பெண்கள் விடுதியைப் பொறுப்பெடுக்கச் சொல்கிறார்கள், எங்கே தொடங்குவது என்று எழுதியிருந்தாய். ஃபிடேலியா ஃபிஸ்க் என்ற அமெரிக்க ஆசிரியையின் கதையை எழுதுகிறேன். அவளை அனுப்பியதும் எங்கள் உடுவில் பள்ளிக்கூடத்தை 1824இல் தொடங்கிய அதே அமெரிக்க மிஷன்தான். போன இடம் மட்டும் பாரசீகம்.

1816இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஷெல்பர்ன் என்ற மலையூரில் பிறந்த கமக்கார வீட்டுப் பிள்ளை. மூன்று வயதாயிருக்கும்போது சித்தப்பா பிளைனி ஃபிஸ்க் பாலஸ்தீனத்துக்கு மிஷனரியாகப் புறப்பட்டார். அவர் திரும்பி வரவேயில்லை. 1825இல் பெய்ரூட்டில் இறந்தார். ஆக, வெளிநாடு என்றால் என்ன விலை என்று அந்த வீட்டுக்குத் தெரியும். ஊர்ப் பள்ளிக்கூடங்களில் சில காலம் படிப்பித்துவிட்டு, 1839இல் மேரி லயன் நடத்திய மவுண்ட் ஹோல்யோக்குக்குப் படிக்கப் போனாள்.

அந்தப் பள்ளியை நீ கவனிக்க வேண்டும். வேலைக்காரர் கிடையாது. பாண் சுடுவது, உடுப்புத் தோய்ப்பது, கூட்டுவது எல்லாம் மாணவிகள்தான், ஆளுக்கு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், குழு குழுவாக. அதனால்தான் வருஷக் கட்டணத்தை 60 டாலரில் நிறுத்த முடிந்தது. கமத்தில் வளர்ந்தவளுக்கு அது பாரமாக இருந்திராது. பின்னர் பாரசீகத்து ஊர்மியா நகரில் அவள் நடத்திய பள்ளி நின்றுபிடித்ததற்கு அவளுடைய பக்தியைக் காரணம் சொல்வார்கள். பாதிக் காரணம் இந்த வேலைப் பட்டியல் என்பது என் எண்ணம்.

1843 ஜனவரியில் ஊர்மியாவிலிருந்து வந்த மிஷனரி ஜஸ்டின் பெர்க்கின்ஸ் மவுண்ட் ஹோல்யோக்கில் ஆசிரியை வேண்டுமென்று கேட்டார். இவள் சம்மதித்தாள். தாயைக் கேட்க வேண்டுமே! கொட்டும் பனியில், மேல் மூடாத சறுக்கு வண்டியில், மேரி லயனே அவளை முப்பது மைல் கூட்டிக்கொண்டு போய் இரவில் தாயின் கதவைத் தட்டினார். மார்ச் 1 பொஸ்டனில் கப்பல். ஜூன் 14 ஊர்மியா. கடைசிப் பகுதி முழுக்கக் குதிரைப் பயணம்.

அங்கே நெஸ்தோரியர் என்று அப்போது அழைக்கப்பட்ட கிறிஸ்தவர்களிடையே, மிஷன் வந்த காலத்தில் வாசிக்கத் தெரிந்த பெண் ஒரேயொருத்தி, அதுவும் தலைமைக் குருவின் சகோதரி. அதே மிஷனைச் சேர்ந்த ஜூடித் கிராண்ட் 1838இல் நாலு பிள்ளைகளோடு தொடங்கிய பகல் பள்ளி ஒன்று இருந்தது. பகல் பள்ளியில் என்ன பிழை? படித்தது இரவில் வீட்டில் கரைந்துவிடும். திராட்சைத் தோட்டத்தில் கை வேண்டும் என்றால் பிள்ளை வராது. பிறகு சின்ன வயதிலேயே கலியாணம். விடுதி என்றால் வேறு சிக்கல்: வீட்டுக்கு வெளியே ஓர் இரவு தங்கிய பெண்ணை யார் கட்டுவான்?

அந்த மக்கள் பேசிய சிரியாக் மொழியில் ஃபிடேலியா முதலில் கற்ற சொல் ‘மகள்’. அடுத்துக் ‘கொடு’ என்ற வினை. இரண்டையும் சேர்த்து வீடு வீடாகக் கேட்டாள். மாதக்கணக்கில் ஒருத்தரும் கொடுக்கவில்லை. அக்டோபரில் ஆயர் மார் யோகன்னான் இரண்டு சிறுமிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவ்வளவுதான் தொடக்கம். உன்னிடம் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள், குறைவு என்கிறாய்!

முதல் வேலை பாடமில்லை, தலை கழுவிப் பேன் எடுப்பது. அடுத்தது களவும் பொய்யும். குண்டூசி காணாமல் போகும். கேட்டால் ‘கண்டெடுத்தோம்’ என்பார்கள். சத்தம் போட்டிருந்தால் பொய் இன்னும் கூடியிருக்கும். அந்த நாட்டில் கிடைக்காத கறுப்புக் குண்டூசிகளைக் குத்தி வைத்தாள். இனி ‘கண்டெடுத்தோம்’ என்று சொல்ல வழியில்லை. தண்டனைக்கு முன் சாட்டுச் சொல்லும் வழியை அடைத்தாளே, அதைப் பார்.

புத்தகமும் இல்லை. பேச்சு மொழியில் புதிய ஏற்பாடு ஊர்மியா அச்சகத்தில் வெளிவந்ததே 1846இல். 1847இல்தான் மேரி சூசன் ரைஸ் துணைக்கு வந்தாள். அதுவரை சமையல், சுகவீனம், பாடம், வருகிற தாய்மாரோடு கதைப்பது எல்லாம் பெரும்பாலும் இவள் தலையில். உடம்பு அங்கேதான் கெட்டது என்று நினைக்கிறேன். ஒரு நாள் ஆலயத்தில் களைத்து இருந்தபோது ஒரு பெண் பின்னால் வந்து உட்கார்ந்து, என்னில் அன்பிருந்தால் நன்றாகச் சாய்ந்துகொள் என்று முதுகு கொடுத்தாளாம். 1858இல் நோயோடு ஊர் திரும்பினாள். 1864இல் ஷெல்பர்னிலேயே இறந்தாள், 48 வயது. எங்கள் உடுவில் பள்ளியை நடத்திய எலைசா அக்னியூவோ 1840இல் யாழ்ப்பாணம் வந்தவர், ஒருமுறைகூட அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகவில்லை. எது சரி என்று என்னைக் கேளாதே.

துணைக்கு ஒருத்தியை இந்த வருஷமே கேட்டு எழுது, நாலு வருஷம் பொறுக்காதே. உன் விடுதியில் குசினி வேலை யார் பார்க்கிறார்கள் என்று நீ சொல்லவில்லை. அதை அடுத்த கடிதத்தில் எழுது.

அம்மா