எரிந்த மாளிகை அப்படியே இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் 2015இல் தீக்கிரையான கிளாண்டன் பார்க் மாளிகையின் உள் அறைகளைப் பழையபடி கட்டுவதில்லை என்று, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் எடுத்த முடிவு பற்றிய செய்தியைப் படித்தேன். 'பாரம்பரியத்தைக் கைவிட்டுவிட்டார்கள்' என்ற கோபம் புரிகிறது. ஆனால் முடிவு சரியானதே. வெனிஸ்காரரான ஜாக்கோமோ லியோனி வடிவமைத்த இந்த வீடு, அதன் உரிமையாளர்களான ஆன்ஸ்லோ பிரபுக் குடும்பத்தின் பெருமையைக் காட்ட எழுந்தது. முதல் உலகப் போரில் மருத்துவமனையானது. இரண்டாம் போரில் அரசு ஆவணங்களைக் காத்தது. 1956இல் டிரஸ்டின் கைக்கு வந்தது. இதில் எந்த நாளைத் திரும்பக் கட்டுவது?

தீக்குப் பிறகு, பாதுகாப்புத் தொப்பியோடு உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். தளம் எரிந்துபோக, மேல்மாடிக் கணப்புகள் அந்தரத்தில் சுவரோடு ஒட்டி நின்றன. சாந்து உதிர்ந்த இடங்களில் செங்கல் வரிசை தெரிந்தது. பளிங்குக் கூடத்தின் பகட்டுக்குப் பின்னால் இருந்த கொத்தனார் வேலையை அன்றுதான் கண்டேன். புதிதாகப் பூசினால் அது மறுபடி மறைந்துவிடும். (நகல் கூரைச் சிற்பங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நகல்தானே!) திட்டமிட்டபடி கூரை அமைத்து, நடைபாதை போடுவதோடு நிறுத்தாமல், போர்க்கால நோயாளிகள் படுத்திருந்த அறைகளையும் ஆவணங்கள் இருந்த இடங்களையும் சுவரிலேயே குறித்துவைக்க டிரஸ்ட் முன்வர வேண்டும்.

- வாசகர், லண்டன்