மணிக்கூட்டுப் புதிருக்கு விடை ஐந்து அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் வந்த மணிக்கூட்டுப் புதிரின் விடை பிழை. பிழையைப் பிடித்தது நானல்ல, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி.

பஸ் புறப்படும் மணிகள் மூன்று, பயண நேரங்கள் மூன்று; எந்த மணிக்கும் புறப்பட்டு எந்த நேரமும் ஓடலாம். 12 மணி முகப்பில் வந்துசேரும் வெவ்வேறு மணிகள் ஆகக் குறைந்தது எத்தனை? மூன்றும் மூன்றும் ஆறு, ஒன்றைக் கழித்தால் ஐந்து என்று போட்டிருந்தீர்கள். பேத்தி என் குளிசைப் பெட்டியைக் காட்டினாள். 12, 4, 8 மணிக்கு ஒவ்வொன்று. அந்த மணிகளில் புறப்பட்டு 4, 8, 12 மணித்தியாலம் ஓடினால், வந்துசேர்வதும் அதே 12, 4, 8 தான். விடை மூன்று. (வெள்ளவத்தையில் ஏறி 8 மணித்தியாலத்தில் யாழ்ப்பாணம் இறங்கினால் அது அதிர்ஷ்டம், அது வேறு கதை.)

உங்கள் விதி வாரத்தின் ஏழு கிழமைகளுக்குப் பொருந்தும், ஏனென்றால் 7 முதன்மை எண், 1ஆலும் 7ஆலும் தவிர வேறெதாலும் பிரிக்க முடியாது. 1813இல் பிரெஞ்சுக் கணிதர் கோஷி நிறுவியது. அது தெரியாமல் 1935இல் ஆங்கிலேயக் கணிதர் டேவன்போர்ட் மறுபடி கண்டுபிடித்தார்; 1947இல் அதை அவரே எழுதி ஒப்புக்கொண்டார். 12ஐ நான்காலும் மூன்றாலும் பிரிக்கலாம், அதனால் விதி வழுக்குகிறது. எவ்வளவு வழுக்கும் என்ற கணக்கை 1953இல் ஜெர்மன் கணிதர் க்னேசர் சொல்லிவிட்டார்.

மணிகளை விட்டுவிட்டு முகப்பின் முழு வட்டத்தையும் எடுத்தால் நிலைமை மாறும். மொத்தம் 15 நிமிட நீளமுள்ள துண்டுகளையும் 20 நிமிட நீளமுள்ளவற்றையும், புறப்படும் மணியையும் பயண நேரத்தையும் போல, புள்ளிக்குப் புள்ளி கூட்டினால் வந்துசேரும் புள்ளிகளின் மொத்த நீளம் 35 நிமிடத்துக்குக் குறையவே குறையாது. 1939இல் சோவியத் கணிதர் ராய்கோவ் காட்டியது இது. பேத்தி விடவில்லை: 20 நிமிட இடைவெளியில் மூன்று ஐந்து நிமிடத் துண்டுகளை வைத்து, அவற்றை அவற்றோடேயே கூட்டினாள். மூன்று பத்து நிமிடத் துண்டுகள் வந்தன; 15உம் 15உம் சரியாக 30, அதற்குக் குறையவில்லை. அந்த 12, 4, 8 புள்ளிகள் வட்டத்திலும் உண்டு, ஆனால் புள்ளிக்கு நீளமில்லையே! 1956இல் க்னேசர் இதை வட்டத்தைத் தாண்டி இன்னும் பொதுவான கூட்டல் அமைப்புகளுக்கும் கொண்டுபோனார்.

மூன்று என்று எழுதி அனுப்பிய பேத்தியின் பெயர் சரியான விடை எழுதியோர் பட்டியலில் இல்லை. அடுத்த ஞாயிறு திருத்தம் போடுவீர்களா?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6