செயலாளரின் ஆண்டறிக்கை: ஞாயிறு தமிழ் வகுப்பும் மஜ்காவ் பள்ளியும்

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பொங்கல் விழாவும் நூலகமும் வழக்கம்போல. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஞாயிறு தமிழ் வகுப்பைப் பற்றித்தான்.

வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஒன்பது பேராகக் குறைந்துவிட்டார்கள். நிறுத்திவிடலாமா என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. அந்தச் சமயத்தில்தான், நம் மும்பையிலேயே, மஜ்காவ் பகுதியில் இன்றும் இருக்கும், ஒரு சிறு சமூகம் தன் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியைப் பற்றிக் கூட்டத்தில் பேசினோம். அன்று வர முடியாதவர்களுக்காக அதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

பெனே இஸ்ரேல் யூதர்கள் கொங்கண் கடற்கரைக் கிராமங்களில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை செக்கு ஓட்ட மாட்டார்கள் என்பதால் ஊரார் அவர்களை ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று அழைத்தார்கள். வீட்டுமொழி மராத்தி. யூதர்களின் வேதமொழியான எபிரேயத்தில் அவர்களிடம் மிஞ்சியிருந்தது ஷெமா என்னும் பிரார்த்தனைதான் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்த மொழியை அவர்கள் மறுபடி கற்க உதவியவர்களில் கிறித்தவ மிஷனரிகளும் உண்டு. அவர்களில் ஒருவரான ஜான் வில்சன் 1832இல் எபிரேய இலக்கணத்தை மராத்தியிலேயே எழுதி வெளியிட்டார். ஆனாலும் பிறர் தரும் பாடம் வேறு, நாமே நடத்தும் பள்ளி வேறு. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஹயீம் சாமுவேல் கேஹிம்கர் முன்னின்று 1875இல் இஸ்ரேலைட் பள்ளியைத் தொடங்கினார். லண்டனிலிருந்த ஆங்கிலோ-யூத சங்கம் பண உதவி செய்தது. பின்னாளில் பெருங்கொடை தந்த சர் எல்லி கதூரியின் பெயரே பள்ளிக்கு வந்தது.

எனக்கு அந்தக் கதையில் பெரியவர் ரெபெக்கா ரூபன் அம்மையார். 1905இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தவர். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படித் தேறுவது சின்ன விஷயமா? வேறு எங்கும் போயிருக்கலாம். அவரோ 1922 முதல் 1950 வரை, 28 ஆண்டுகள், இந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக இருந்தார். மராத்தி, ஆங்கிலம், எபிரேயம் மூன்றும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன. எபிரேயம் கற்கிறோம் என்று மராத்தியைக் கைவிடவில்லை. என்னை மிகவும் தொட்டது அதுதான்.

1948இல் இஸ்ரேல் நாடு உருவான பிறகு அந்தச் சமூகத்தார் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குக் கிளம்பினார்கள். மஜ்காவில் பள்ளி இன்றும் இருக்கிறது. படிப்பவர்களில் பெரும்பாலோர் வேறு சமயத்துப் பிள்ளைகள். சமூகம் சுருங்கியது, வகுப்பறை காலியாகவில்லை.

இதைப் பேசி முடித்தபோது வகுப்பை நிறுத்தும் யோசனையை யாரும் மறுபடி எடுக்கவில்லை. சரி, நடைமுறைக்கு வருகிறேன். வகுப்பு தொடரும். காலை பத்து மணிக்குப் பதில் மாலை நான்கு மணிக்கு. தமிழ் வீட்டுமொழியாக இல்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வரலாம் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மாதத்தில் இரண்டு ஞாயிறு எடுக்க ஒப்புக்கொண்டார். மீதி இரண்டு ஞாயிறுக்கு ஆள் வேண்டும். முன்வருபவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்