அப்பாவுக்கு மாத்திரை போதாது, பேச ஒரு ஆள் வேண்டும்

முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவத்தைத் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

வேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு எங்கள் ஊரில் குறைவு. கார்கில் சண்டையின்போது, 1999-ல், என் அப்பா டிராஸில் பீரங்கிப் படையில் இருந்தார். மற்றதெல்லாம் உங்கள் ஃபைலிலேயே இருக்கும்.

ஃபைலில் இல்லாததைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முதல்நாள் சாயங்காலமே அப்பா போர்வையை எடுத்துக்கொண்டு கொல்லையில் இருக்கும் மோட்டார் கொட்டாய்க்குப் போய்விடுவார். கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு, வெடிச்சத்தம் காதில் விழாதபடி அந்த இரைச்சலுக்குள்ளேயே விடியவிடிய உட்கார்ந்திருப்பார். இந்த வருஷம் ராத்திரி கரண்ட் போய்விட்டது. டார்ச்சோடு ஓடினோம். தொட்டிக்குப் பின்னால் குனிந்து, தலையைக் கையால் மூடிக்கொண்டு, யாரோ ஒருவர் பெயரைச் சொல்லி "தலையைத் தூக்காதடா" என்று கத்திக்கொண்டிருந்தார். அம்மா தோளைத் தொட்டதும் உதறிய உதறலில் வளையல் உடைந்து அம்மாவின் கை கிழிந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் அப்பா அழுதார்.

அந்த வாரமே முன்னாள் ராணுவத்தினருக்கான பாலிகிளினிக் போனோம். டோக்கன், ரெஃபரல், அப்புறம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஆஸ்பத்திரி. மூன்று மணிநேரம் காத்திருந்ததற்கு நாலு நிமிஷம். "தூக்கம் வருதா? சாப்பிடறாரா?" ஒரு அட்டை மாத்திரை. பேசிக் குணப்படுத்தும் சிகிச்சை உண்டா என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் இங்க ஆள் இல்லம்மா, கோயில் குளம்னு கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். கோயிலுக்கு ரெஃபரல் கேட்கமாட்டார்கள், அந்த வசதி இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். போர் அதிர்ச்சிக்குச் சிகிச்சை தரப் பயிற்சி பெற்ற, தமிழில் பேசுகிற ஒரு உளவியலாளர். வாரம் ஒரு மணிநேரம், மூன்று நான்கு மாதம், ஒவ்வொரு முறையும் அதே ஆள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்தச் சொல்கிறது. அப்பாவுக்கு முட்டி தேய்ந்தபோது பிசியோதெரபிக்குப் பத்து சிட்டிங் எழுதிக் கொடுத்தார்களே, மனசுக்கு மட்டும் நாலு நிமிஷமா?

2023-ல் புனேயில் படையினருக்கென்று தனியாக டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை தொடங்கினீர்கள், நல்ல காரியம். ஆனால் போனில் "நல்லாருக்கேன் சார்" என்பதைத் தாண்டி அப்பா ஒரு வார்த்தை சொல்லமாட்டார். எதிரில் உட்கார்ந்து, பழகி, அவர் வாய் திறக்கும்வரை காத்திருக்க ஒரு ஆள் வேண்டும்.

ஜூலை 26, கார்கில் வெற்றி நாள் வந்தால் பொன்னாடை போட்டு போட்டோ எடுக்கிறார்கள். ராணுவ கேன்டீனில் ரம் கோட்டா ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்த பாட்டில்தான் டாக்டர். அமைதிப்படையில் 1987-ல் இலங்கை போய் வந்த என் பெரியப்பா கடைசிவரை அந்த டாக்டரிடம்தான் பார்த்தார், அதிலேயே போய்ச் சேர்ந்தார்.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மன்னியுங்கள். எங்கள் பாலிகிளினிக்கில் வாரம் இரண்டு நாளாவது தமிழ் பேசும் ஒரு உளவியலாளரை உட்கார வையுங்கள், தயவுசெய்து, அடுத்த தீபாவளிக்குள். கரண்ட் போனாலும் ஓடும் என்று டீசல் எஞ்சினுக்கு விலை கேட்டு வரச் சொல்கிறார் அம்மா.