பால்மியட் ஆற்றங்கரையில் எங்களோடு நடந்த எல்லோருக்கும்

ரிசர்வாயர் ஹில்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புடையீர், வணக்கம்.

பால்மியட் கரையின் வெள்ள வரைபடத்தை முடித்து மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டோம். தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி குவாரி ரோடு குடிசைப்பகுதி மக்களுக்கு. நாங்கள் மேட்டில் இருக்கிறோம். எங்கள் கூரையிலும் சிமெண்ட் முற்றத்திலும் விழும் மழை உங்கள் வாசலுக்குத்தான் ஓடி வருகிறது. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்கள் வீடுகள் பலவற்றை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஆனாலும் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகமும் மாநகராட்சியும் உங்களோடு சேர்ந்து அமைத்த வாட்ஸ்அப் எச்சரிக்கை பலரை நேரத்தோடு மேடேற்றியது. அதை எப்படி நடத்துகிறீர்கள் என்று எங்களுக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

பாலத்தடியில் ஒரு கோகோ (சுலு மொழியில் பாட்டி) கைத்தடியை உயர்த்தி, சுவரில் தண்ணீர் ஏறிய இடத்தைத் தொட்டுக் காட்டினார். நாணலும் பழைய மெத்தையும் பாலத்தின் கண்களை அடைத்ததால் ஆறு பக்கவாட்டில் புகுந்ததாம். பொறியாளர் கொண்டுவந்த தாளில் வெள்ளக்கோடு அதற்குக் கீழே இருந்தது. அந்தத் தம்பி அங்கேயே பென்சில் எடுத்துக் கோட்டைத் திருத்தினார். அவருக்கும், சுலுவில் சொன்னதை உடனுக்குடன் எங்களுக்கு எடுத்துச் சொன்ன மாணவிகளுக்கும் தனி நன்றி.

1976 வெள்ளத்தில் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த டின் டவுன் என்ற தகரக் குடிசைப்பகுதியை விட்டு வந்த தாத்தா ஒருவர் முழங்கால் வலியோடு கூட்டத்துக்கு வந்தார். "அப்போது எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள், சொல்லாமல் விடாதீர்கள்" என்றார். அதன் பிறகுதான் பலர் வாய் திறந்தார்கள். தாத்தா, உங்களுக்கு எங்கள் வணக்கம்.

1917இல் உம்கேனி ஆறு பெருக்கெடுத்தபோது மீனவர் மாரிமுத்து படவட்டனும் கூட்டாளிகளும் படகில் போய் 170 பேருக்கு மேல் காப்பாற்றியதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அப்படி ஒரு படகு தேவைப்படாதபடி வீடும் வடிகாலும் அமைவதுதான் எங்கள் ஆசை.

அப்புறம், கூடத்தைத் திறந்துவிட்டுச் சோறும் பருப்பும் போட்ட கோயில் தாய்மார்களுக்கும் மனமார்ந்த நன்றி.

கோடை மழைக்கு முன் தெரு வடிகால்களைக் கவனிக்கப் பெயர் கொடுத்தவர்கள் பட்டியல் கோயில் பலகையில் இருக்கிறது. ஆற்றை ஒட்டிய இரண்டு தெருக்களுக்கு இன்னும் ஆள் வேண்டும்.

அன்புடன்,
மேட்டுத் தெருக்காரர்கள் சார்பில்